நகரும் பட்டியல்

மார்ச் 3

அப்பாடா, முடிந்தது. வார்டுகளுக்கான புதிய மென்பொருளை ஏற்றுக்கொண்டதாக இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மருத்துவமனைக் கொள்முதல் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கட்டிலுக்கும் கையுறைக்கும் ஒப்பந்தம் எழுதிய எனக்கு, ஒரு திரை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியது இதுதான் முதல் தடவை. எழுத்து எவ்வளவு பெரிது, எந்தப் பொத்தான் எங்கே, மருந்து கொடுக்கும் முன் எத்தனை முறை கேட்க வேண்டும் என்று நாற்பத்திரண்டு நிபந்தனைகள். பாதி அண்ணி சொன்னவை. மூன்றாம் வார்டில் நர்ஸ் அவர். "எழுதிக்கோடி வக்கீலம்மா" என்று வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்வார். ஆஸ்பத்திரியிலும் எல்லார் முன்னாலும் அதே 'வக்கீலம்மா'தான். மானம் போகும்.

சோதனை கூட்ட அறையில் நடந்தது. கம்பெனிக்காரர் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று பத்து கற்பனை நோயாளிகளைச் சேர்த்து வைத்திருந்தார். பூசணிக்காய்க்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. சிரித்து வயிறு வலித்தது. ஒப்பந்தத்தைப் பார்த்துக் கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் 'ஆம்'.

பத்தொன்பதாவதை மட்டும் கேட்கவில்லை. அதை ஒப்பந்தம் போடும் முன்பே அடித்துவிட்டேன். 'பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிப் பட்டியல் தானாக இடம் மாறக் கூடாது.' அதைச் செய்ய ஆறு வாரம் தள்ளிப்போகும் என்றார் கம்பெனிக்காரர். எங்கள் பிரிவு அதிகாரி அவசரப்படுத்தினார். ஒரு பட்டியல், எங்கே ஓடிவிடப் போகிறது?

மார்ச் 8

துணி, தூக்கம், பழைய தலைவலி.

மார்ச் 19

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் அண்ணி மருந்து கொடுக்கப் போயிருக்கிறார். திரையில் பதினான்காம் படுக்கைப் பெரியவரின் பெயரைத் தொட்டார். சரியாக அந்த நொடி அவசரப் பிரிவிலிருந்து புது நோயாளி ஒருவர் வந்து சேர, பட்டியல் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. தொட்டது ஒருவரை, திறந்தது இன்னொருவரை. 'கொடுக்கலாமா?' என்று அது இரண்டு தடவை கேட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்கிறது, யார் படித்துப் பார்ப்பார்கள்? இரண்டு தடவையும் 'ஆம்'. வேறொருவருக்கு எழுதியிருந்த தூக்க மருந்து பெரியவர் உடம்பில் ஏறிவிட்டது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

பத்தொன்பது. பத்தொன்பது. பத்தொன்பது.

மார்ச் 20

அதிகாரி கூப்பிட்டார். "ஒப்பந்தத்துல இருக்கிறது எல்லாம் திரையில இருக்கு. இது மனுஷத் தப்பு. நிபந்தனைகள் அத்தனையும் பூர்த்தின்னு ஒரு கடிதம் கொடுத்துடுங்க, விசாரணையில வச்சிடலாம்."

அண்ணி எனக்கு உறவு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

மார்ச் 21

மூன்றாம் வார்டில் போய் நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒன்பது தடவை நகர்ந்தது. என் விரலே ஒரு தடவை தப்பான பெயரில் விழுந்தது. கூட்ட அறையில் ஏன் நகரவில்லை? அங்கே புதிதாக யாரும் வந்து சேரவில்லையே! பத்து காய்கறியும் காலையிலிருந்து அப்படியே படுத்திருந்தன. அதை வைத்துத்தான் சிரித்திருக்கிறேன், மூதேவி.

மார்ச் 22

சாப்பிடும்போது அண்ணி கேட்டார். "நான் சொன்ன வரிதான் ஒப்பந்தத்துல இருக்கேடி. அப்புறம் எப்படி ஆடுச்சு? அந்தக் கம்பெனிக்காரன் உன்னையும் ஏமாத்திட்டானா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆட்டிட்டேனே. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு? பாவம் அவங்க, "விடு, நீ என்ன பண்ணுவே"ன்னு எனக்கே ஆறுதல் சொல்றாங்க.

மார்ச் 25

கடிதத்தை எழுதி முடித்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடித்த வரி மட்டும் அதில் இல்லை. ஒப்பந்தத்தின் பழைய வரைவை அலமாரியிலிருந்து எடுத்தேன். பத்தொன்பதின் மேல் நீல மையில் ஒரு கோடு, பக்கத்தில் என் சுருக்கொப்பம். இதைக் கிழித்துப் போட்டால் கேட்க நாதியில்லை.

வீட்டில் முதலில் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் சொல்கிறேன்.

மார்ச் 26

சொல்லவில்லை. அண்ணி புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். தைரியம் வரவில்லை.

விசாரணை அறையில் அவருக்கு எதிர் நாற்காலி எனக்கு. கடிதத்தைக் கேட்டார்கள். நான் வரைவைக் கொடுத்தேன்.

"இந்த வரியை அடிச்சது யாரு?"

"நான்தான்."

"இந்த வரி எதுக்குன்னு தெரிஞ்சே அடிச்சீங்களா?"

"தெரியும். சொன்னவங்க இவங்க."

அதிகாரி தரையைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையில் இருந்த தண்ணீரை மட்டும் முழுதாகக் குடித்தார்.

மார்ச் 27

சோறு மூடி வைத்திருந்தது. தனியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6

பெரியவர் நாலு நாளாக நடக்கிறாராம். அண்ணியைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். என்னைப் பழைய ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். அடித்த வரியைத் திரும்பச் சேர்க்கக் கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அண்ணனிடம் கேட்டேன், "அண்ணி ஏதாவது சொன்னாங்களா?" "தப்பு பண்ணினதைக்கூட விட்டுடுவா. அன்னிக்குத் தலையாட்டின பாரு, அதைத்தான் சொல்றா" என்றான்.

மே 13

திருத்திய திரைக்கு இன்று சோதனை. இந்த முறை கூட்ட அறை இல்லை, மூன்றாம் வார்டிலேயே, வேலை நடக்கும்போதே. சோதிக்கும் பொறுப்பு அண்ணிக்கு. நிபந்தனைகள் தெரிந்தவள் என்று என்னையும் ஆவண அறையிலிருந்து கூப்பிட்டு, ஆம்-இல்லை எழுதச் சொன்னார்கள்.

பத்தொன்பது வந்தது. அண்ணி ஒரு பெயருக்கு மேல் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், மூன்றாமவர் வந்தார். பட்டியல் அசையவில்லை. மற்ற நர்ஸுகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காகிதத்தை நீட்டி, "அண்ணி, பத்தொன்பது?" என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஆம்னு எழுதிக்கோங்க, மேடம்."

எழுதிக்கொண்டேன்.