முதலாளிக்குத் தெரியாமல் டீ

ஜூன் 4

கோரைப்பல் இன்றும் சரியாக வரவில்லை. மெழுகில் செதுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தி வழுக்கி ஓரத்தைக் கொத்திவிட்டது. பக்கத்து மேஜையில் பல் செட்டுகளுக்கு மெருகு ஏற்றும் பாலிஷ்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பார்க்காத மாதிரி இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது.

கை நடுங்குகிறது. நெஞ்சில் அவ்வப்போது படபடப்பு. படுத்தால் கண் மூடுகிறதே தவிர தூக்கம் வருவதில்லை. செயற்கைப் பல் செய்கிற லேப்பில் கை போனவனுக்கு என்ன வேலை இருக்கிறது? வாய் மிச்சம் இருக்கும், அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலாளி என்றால் லேப் முதலாளி இல்லை, என் மனைவி. அவள் அப்பா நடத்திய காப்பிப்பொடிக் கடையை இப்போது அவள் நடத்துகிறாள். கல்யாணமான புதிதில் கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

ஜூன் 6

டாக்டரிடம் போனேன், பாலிஷ்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க?"

சொல்லிக்கொண்டே போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க உடம்புக்குக் காப்பி ஒத்துக்கலைங்க. விட்டுடுங்க. சூடா ஏதாவது வேணும்னா லைட்டா டீ குடிங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, போதும்."

"டாக்டர், என் வீட்டுக்காரி காப்பிக்கடை வச்சிருக்கா."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லையே."

வெளியே வந்ததும் பாலிஷ்காரர் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் தெருவில் சிரித்துத் தீர்த்தார்.

ஜூன் 7

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் அவள் கப்பை நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு எனக்கே புரியாது. அவள் காப்பி குடிப்பதில்லை. நாள் முழுவதும் கொட்டை வறுத்து அந்தப் புகையிலேயே நிற்கிறவளுக்கு அதை வாயில் வைக்கத் தோன்றாது. வறுவல் பதம் மூக்குக்குத் தெரியும், கசப்பு தெரியாது. அதற்கு என் முகம். ஒவ்வொரு புது மூட்டையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முந்தின நாள் வறுத்ததில் ஒரு கப் போட்டுக் கொடுப்பாள், நான் முதல் வாய் குடிப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். புருவம் லேசாக ஏறினால் சரி. ஏறாவிட்டால் கடைக்குப் போய் வறுவலையும் சிக்கரியையும் மாற்றுவாள். கல்யாணமானதிலிருந்து அந்தக் கடையின் காப்பி என் முகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் முகம் ஒன்றுக்காவது பயன்பட்டதே என்று என் தங்கை இன்னமும் சொல்வாள்.

மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் கடைக்கு, நான் லேப்புக்கு. திரும்பும்போது இருவருமே களைத்துப் போயிருப்போம். அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பது அந்தக் காலை நேரத்தில்தான். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

ஜூன் 8

வழி கண்டுபிடித்தாயிற்று. காலையில் ஒரே ஒரு வாய். அவள் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மீதி பாத்திரம் கழுவும் தொட்டிக்குள். லேப்புக்கு அவள் கொடுத்தனுப்பும் ஃபிளாஸ்க் பாலிஷ்காரருக்கு. எனக்கு அவர் டீ போட்டுத் தருவார்.

அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "உங்க நெஞ்சு நல்லா இருக்கணும் சார், அவசரமே இல்லாம குணமாகட்டும்" என்றார்.

ஜூன் 9

தலைவலி. மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.

ஜூன் 10

இன்னும் அடிக்கிறார்கள். பாலிஷ்காரர் போடும் டீயைக் குடித்தால் காப்பியின் அருமை தெரியும்.

ஜூன் 15

தலைவலி போயே போய்விட்டது. இனி அவள் கிளம்பியதும் வீட்டிலேயே டீயை நானே போட்டுக்கொள்வது என்று முடிவு. இலை கொஞ்சம், தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைப்பது, பால் சும்மா பெயருக்கு. காப்பியை நான் எப்போதும் நின்றுகொண்டே குடித்திருக்கிறேன், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி. டீக்கு உட்காரத் தோன்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் துணி காய்வதை முழுதாக ஒரு கப் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருந்தது.

ஜூன் 22

கோரைப்பல் வந்துவிட்டது. ஒரே தடவையில். கை கல் மாதிரி நின்றது. பல் டாக்டர் அவரே போன் செய்தார்: "பேஷன்ட் கண்ணாடியைக் கீழ வைக்க மாட்டேங்கறார்." படபடப்பு வந்து நாளாகிறது.

முதலாளியும் கவனித்திருக்கிறாள். "இப்பல்லாம் நல்லா தூங்கறீங்க. குறட்டை வேற. புது மூட்டைக் காப்பி உங்களுக்கு ஒத்துக்குது பாருங்க" என்றாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

ஜூலை 2

காலையில் முதல் வாய் குடித்ததும், "கசக்குதா?" என்றாள். நான் ஒன்றும் நடிக்கவில்லை, உண்மையாகவே கசந்தது. ஆமாம் என்றேன். சரி, வறுவலைக் கொஞ்சம் முன்னாடியே இறக்குறேன் என்றாள்.

ஜூலை 6

இன்றும் கசந்தது. "இன்னுமா?" என்று கேட்டு யோசனையோடு போனாள்.

ஜூலை 11

பொடியின் நிறமே வெளுத்திருந்தது. அப்படியும் நாக்கில் சுருக்கென்றது. என்ன கொட்டை வாங்கினாளோ. வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று இருவரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்படிச் சேர்ந்து ஒருவரைத் திட்டியது, அதிலேயே ஒரு நெருக்கம்.

ஜூலை 19

டியூஷன் டீச்சர் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கடை ஆரம்பித்த நாளிலிருந்து வாங்குகிறவர். "ஒண்ணும் நினைச்சுக்காதம்மா" என்று சொன்னாராம். அதுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை என்கிறாள். மெயின் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் பொடிக் கடையில் நம் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரைப் பார்த்தாளாம். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜூலை 20

மாமாவிடமிருந்து, அதாவது அவள் அப்பாவிடமிருந்து, போன். ஊரில் இருக்கும் அவருக்குப் பார்சலில் பொடி போகும். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பாவம்.

"என்னம்மா அனுப்பியிருக்க? காப்பி குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"கொட்டை சரியில்லப்பா."

"கொட்டை என்ன பண்ணும். கடையை உன்கிட்ட குடுக்கும்போது உன் மூக்கை நம்பித்தான் குடுத்தேன்."

போனை வைத்தவள் சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். பிறகு சோப்பை. பிறகு என் சட்டையை. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மூக்கு போயிடுச்சுங்க. அதான் எனக்கே தெரியாம எல்லாம் தப்பாப் போகுது."

ஜூலை 22

மூக்கு டாக்டரிடம் போக நேரம் வாங்கியிருக்கிறாள். கடையைப் பாதி நேரம் மூடி வைக்கிறாள். இன்று கேட்டாள்: "மூக்கு இல்லாதவ கடையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அப்பாகிட்ட சொல்லி யார்கிட்டயாவது குடுத்துடலாமா?"

அவளுக்குக் கடையை விட்டால் வேறொன்றும் தெரியாது என்பதில்லை. எல்லாம் தெரியும். ஆனால் கடையில் நிற்கும்போதுதான் அவள் நிமிர்ந்து நிற்பாள்.

ஜூலை 23

இன்று லேப்பில் பாலிஷ்காரர் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றும்போது சும்மா கேட்டேன், காப்பி எப்படி என்று. மழுப்பினார்.

"ஓசியில குடிக்கிறவன் குறை சொல்லலாமா சார்?"

"சும்மா சொல்லுங்க."

"தண்ணியா இருக்கு சார். ஒவ்வொரு வாரமும் இன்னும் தண்ணி. வீட்டுல ஏதாவது கஷ்டமோன்னு நினைச்சு நான் கேக்கலை. முன்ன வந்த காப்பி மாதிரி எங்கயும் குடிச்சதில்ல."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

கொட்டை இல்லை. வியாபாரி இல்லை. அவள் மூக்கும் இல்லை. நான்தான். லைட்டா டீ குடித்துக் குடித்து என் நாக்கு மாறிப்போச்சு. அதுக்கு இப்ப எந்தக் காப்பி பட்டாலும் கசக்கும். நான் முகத்தைச் சுளிக்க, அவ குறைக்க, நான் சுளிக்க, அவ குறைக்க – இப்படியே ஒரு கடையையே வெந்நீரா ஆக்கிட்டேனே. அந்த மனுஷி உட்கார்ந்து சோப்பை மோந்து பார்க்கறா. நான் சிரிச்சேன்.

ஜூலை 23, வீட்டில்

சொல்லிவிட்டேன். டாக்டர், டீ, ஃபிளாஸ்க், தொட்டி, எல்லாம்.

காப்பியைத் தொட்டியில் ஊற்றினேன் என்றதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றதற்குச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நீண்ட நேரம் மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட பாலிஷ்காரரைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"உனக்கு எதுக்குக் கவலைன்னு..."

"பக்கத்துல படுத்திருக்கறது நான்தானே? காப்பி போனா போகுது. என் காப்பிக்காக நீங்க நெஞ்சு வலியைப் பொறுத்துக்குவீங்கன்னா, என்னைப் பத்தி என்னதான் நினைச்சு வச்சிருக்கீங்க?"

வலி இல்லை, படபடப்புதான் என்று திருத்தப் போனேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 24

இன்று மேஜையில் கப் இல்லை. அவளும் இல்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஜூலை 25

இன்றும்.

ஜூலை 26

நானே டீ போட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி இருந்தது. ஒன்றும் நன்றாக இல்லை. எந்தக் காலை நேரத்தைக் காப்பாற்றுவதற்காக மறைத்தேனோ அதைத்தான் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிக்காரன்.

ஜூலை 28

என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். கூட்டிப் போனாள் என்று மரியாதையாக எழுதுகிறேன், இழுத்துப் போனாள். அந்தப் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து அவளே பார்த்தாள், என்னவோ கொட்டையின் பதம் பார்க்கிற மாதிரி. டாக்டரை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "அவரு நல்லா இருக்கார்மா. டீ அவருக்கு ஒத்துப்போச்சு."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசவில்லை. ஆனால் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 1

கடைக்குப் புது நாக்கு நியமனம். பாலிஷ்காரர். லேப்புக்குப் போகிற வழியில் கடையில் இறங்கி ஒரு கப் குடிக்க வேண்டும். வேறு கண்டிஷன் இல்லை. "இதுக்கெல்லாமா வேலைன்னு பேரு" என்று கண் கலங்கினார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். அவர் குடித்தார், அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நான் மூட்டைகளை எண்ணுவது போல நின்றேன். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அவருக்குப் புருவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, காதுதான் அசைகிறது.

ஆகஸ்ட் 9

டியூஷன் டீச்சர் வந்துவிட்டார். எப்போதும் வாங்குவதைவிட அதிகமாக வாங்கினாராம். மாமாவும் போன் செய்தார், பாராட்டவில்லை, "ம், இது காப்பி" என்றார். அவருக்கு அதுவே அதிகம். முதலாளி நிமிர்ந்து நடக்கிறாள்.

என்னிடமும் பேசுகிறாள். கொஞ்சம் சுற்றி வளைத்து. "பால் தீர்ந்துடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், நான் வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 17

இன்று எனக்கு லீவு. புது மூட்டைகள் வந்து இறங்கின. சும்மா நிற்காமல் ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தேன். நிமிர்ந்ததும் நெஞ்சு படபடத்தது.

கடையில் டியூஷன் டீச்சரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். அடுப்பில் வறுவல். கொட்டை வெடிக்கத் தொடங்கும் நேரம் அது, அப்போது வாசலில் யார் வந்து நின்றாலும் அவள் தலையைத் திருப்ப மாட்டாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன்.

"இங்க பாரு. படபடப்பா இருக்கு."

கரண்டியை டியூஷன் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் பொறுங்க, என் வீட்டுக்காரருக்கு டீ வச்சுக் குடுத்துட்டு வரேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒருவர் சிரித்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் விலைப் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். டீ இலை அவள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மூட்டைதான் காரணம், வேறொன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, இது கறுக்குதே, என்ன பண்ணணும்?" என்று டீச்சர் அடுப்புப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடை முழுக்கத் தீய்ந்த வாடை. முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.