போதும் என்பதற்கு ஒரு கிண்ணம்

மில்பிடாஸ்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

கவினுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்பது தெரியும். அதனால் கேட்கவில்லை.

எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் உன்னோடு பேச முடிவதில்லை. வீடியோவில் உன் முகம் வரும்போதே பக்கத்தில் அத்தையின் பாதி முகமும் வந்துவிடுகிறது. "ரெண்டு வாரத்துல வந்துருவேன்" என்று அத்தைக்குக் கேட்கும்படி என்னிடம் சொல்கிறாய். நானும் சரி என்கிறேன். ஐந்து மாதமாக அதே இரண்டு வாரம். நான் இங்கே தங்கியிருக்கும் வீட்டு ப்ரியம்வதா செவ்வாய்க்கிழமை கோவைக்குக் கிளம்புகிறாள். உங்கள் கோபி வழியாகத்தான் அவள் ஊருக்குப் போகவேண்டும். அவள் கையில் இதையும் ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். மாடிக்குப் போய்த் தனியாகப் படி.

நம் கல்யாண நாளுக்காக, உன் ஹெட் ஆபீஸ் இருக்கும் சான் ஹோசேயில், சாகே என்கிற ஜப்பான் அரிசி மது டேஸ்டிங்குக்கு நீ இரண்டு இடம் புக் பண்ணி வைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் என்று கிளம்புவதற்கு முன்னால் செய்தது. அதற்குப் பிறகு அங்கே கான்சுலேட்டில் உன் விசா ஸ்டாம்பிங் தேதியை இரண்டு முறை தள்ளினார்கள். கம்பெனி உன்னைச் சம்பளமில்லாத விடுப்பில் போட்டது. இதையெல்லாம் புக்கிங்குக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. போன வாரம் அதுபாட்டுக்கு நினைவூட்டல் அனுப்பியது: இருவருக்கான இடம், சனிக்கிழமை மூன்று மணி, உங்களை எதிர்பார்த்திருக்கிறோம்.

நான் ஹூஸ்டனிலிருந்து கிளம்பி வந்தது சாகே குடிக்க அல்ல. உன் டைரக்டர் ஜம்புநாதனைப் பார்க்க. உன் வேலை இருக்கிறதா இல்லையா என்று யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். உன் விசா போனால் என் வேலை அனுமதியும் கூடவே போகும். ஆஸ்பத்திரி லேபில் அடுத்த மாத ஷிஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆபீசில் பார்க்க முடியாது, அது ஹெச்.ஆர். விஷயம் என்று ஜம்புநாதன் அங்கிள் மூன்று முறை மெசேஜ் அனுப்பினார். கடைசியில், அங்கிள், சனிக்கிழமை ஒரு சாகே டேஸ்டிங்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை வந்தது.

ஜப்பான் டவுனில் ஒரு கடையின் பின்னறை. நீளமான ஒரே மேஜை, ஆறே பேர். நடத்தியவர் பெயர் ஹிரோமி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு இந்தப் பக்கம் ஓக்லாந்தில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர், அந்தப் பக்கம் அங்கிள். எதிரே ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்த மூன்று பேர். அங்கிள் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஆன்ட்டிகிட்ட டயர் மாத்தப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் மா, ஃபோட்டோ கீட்டோ எடுத்துப் போட்டுடாத." இரண்டாவது வார்த்தை, "ஆமா, நீயும் குடிப்பியா?"

உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் இதைக் கேட்டார். ஆமாம் அங்கிள், என் கல்யாண நாளுக்கு என்றேன். ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் நம் ஆட்கள் கூடும் வீடுகளில் அங்கிள்கள் எல்லாம் கராஜில் நின்று குடிப்பதும், கிச்சனில் நாங்கள் அதற்கு வெங்காயம் நறுக்கித் தருவதும் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. காரியம் ஆகவேண்டும்.

ஹிரோமி முதலில் அரிசியைக் காட்டினார். பாதிக்கு மேல் தீட்டித் தள்ளிவிட்டு, நடுவில் மிஞ்சும் வெள்ளைப் பொட்டை மட்டும் வைத்துச் செய்வார்களாம். கண்ணாடி ஜாடியில் ஜவ்வரிசி மாதிரி இருந்தது. முதல் கிண்ணம் ஜில்லென்று, பழ வாசனையோடு. இரண்டாவது, இளஞ்சூடாக. முகர்ந்தால் புளித்த இட்லி மாவு வாசனை. அதுதான் எனக்குப் பிடித்தது. கூடவே தட்டுகளில் அரிசி அப்பளம், வெள்ளரிக்காய் ஊறல், உப்புப் போட்டு வேகவைத்த சோயாக்காய், கணவாய்க் கருவாட்டைப் பிய்த்துப் போட்டது. சோயாக்காய் நம் துவரங்காய் மாதிரிதான், பிதுக்கி உள்ளே இருப்பதைத் தின்னவேண்டும். அங்கிள் தோலோடு மென்றுவிட்டு, "ஃபைபர் ஜாஸ்தி" என்றார். கருவாட்டுத் தட்டை ஒற்றை விரலால் என் பக்கம் நகர்த்தி, "நாங்க ப்யூர் வெஜ் மா" என்றார். சரி என்று நான் தின்றேன். நன்றாக இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். உன் கிண்ணத்துக்கு நீயே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்றவேண்டும். நான் அங்கிளுக்கு ஊற்றினேன். அவர் எனக்கு ஊற்றவில்லை. அவருக்கு அப்படித் தோன்றவே இல்லை. இந்தப் பக்கத்துப் பெரியவர்தான் பார்த்துப் பார்த்து ஊற்றினார். இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? பிடிக்காத மூன்றாவது வகையையும், ஊற்றியவர் மனம் நோகக் கூடாதே என்று மடக்கென்று குடித்துக் கிண்ணத்தைக் கவனமாகக் காலி பண்ணி வைத்தேன். உடனே பெரியவர் மறுபடி நிரப்பினார். குடித்தேன். நிரப்பினார். போதும் போதும் என்று கையை மேலே வைத்தேன், சிரித்துக்கொண்டே விரலிடுக்கில் ஊற்றப் பார்த்தார். ஹிரோமி பார்த்துவிட்டு வந்து சொன்னார்: காலிக் கிண்ணம் என்றால் இன்னும் ஊற்று என்று அர்த்தமாம். போதும் என்றால் வாயால் சொல்லவே வேண்டாம், நிறைந்த கிண்ணத்தை அப்படியே தொடாமல் விட்டுவிடவேண்டுமாம்.

நான் அதுவரை ஆறு கிண்ணம் மரியாதைக்காகக் குடித்திருந்தேன்.

அந்த நேரத்தில் ஆன்ட்டியின் ஃபோன் வந்தது. "டயர் ஆச்சா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "இன்னும் ரெண்டு வீல் பாக்கி கலா" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவர் என்னிடம் என்ன சொல்லப்போகிறார் என்று அப்போதே புரிந்திருக்கவேண்டும். நேராகக் கேட்டேன்: கவினுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

"ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு மா. நாங்க வந்தப்பவும் கஷ்டப்பட்டோம், யாரும் எங்களுக்கு வெத்தலை பாக்கு வெச்சு கூப்பிடல" என்றார். உங்களுக்கு எந்த வருடம் கிரீன் கார்டு வந்தது அங்கிள் என்றேன். சொன்னார். விண்ணப்பித்ததிலிருந்து இரண்டே வருடம். நம் வரிசை எத்தனை வருடம் என்று அவருக்குத் தெரியும், அதனால் அப்பளத்தை எடுத்துக் கடித்தார். நான் அவருக்கு ஊற்றினேன். வெள்ளையாக மோர் மாதிரி இருந்த நான்காவது வகை. அதைக் குடித்த பிறகுதான் வந்தது: "லே-ஆஃப் லிஸ்ட் போயாச்சு மா, அவன் பேரும் இருக்கு. மாசக் கடைசி. நான் சொன்னேன்னு வெளிய வரக் கூடாது."

நான் சோயாக்காய்த் தோல்களைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போனார். "அவனே ஒரு மெயில் போட்டு ரிசைன் பண்ணிட்டான்னா க்ளீனா இருக்கும். அவனுக்கும் நல்லது, டீமுக்கும் நல்லது. நீ சொன்னா கேப்பான். நல்ல பையன்."

இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார், கவின். இலவசக் குடிக்கு வந்தார் என்று நான்தான் கேவலமாக நினைத்துவிட்டேன். துரத்தினோம் என்று அவர்கள் பேப்பரில் இருக்கக் கூடாது, நீயே போனாய் என்று இருக்கவேண்டும். அதற்கு உன் மனைவியைத் தூது அனுப்பப் பார்க்கிறார், உன் கல்யாண நாள் நாற்காலியில் உட்கார்ந்து.

கத்தவில்லை. பெரியவர் அப்போதுதான் என் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பியிருந்தார். நான் தொடவில்லை. அவரும் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார். அங்கிள் தன் காலிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே ஊற்றிக்கொண்டார். எதிரே இருந்த மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

அவரைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம். ஆனால் போன வருடம் உங்கள் டீமில் சேனாபதியைத் தூக்கியபோது நாம் என்ன செய்தோம்? "பெர்ஃபார்மன்ஸ் சரியில்ல போல" என்று நீ சொன்னாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ம் என்றேன். சேனாபதிக்கு ஒரு ஃபோன்கூடப் பண்ணவில்லை. இப்போது நம்மைப் பற்றி வேறு ஏதோ வீட்டில் யாரோ தோசை திருப்பிக்கொண்டு ம் சொல்வார்கள். இந்த ஊரில் நாம் எல்லோரும் இப்படித்தான் மரியாதைக்காரர்கள். ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டு, கிண்ணம் ஏன் மறுபடி நிறைகிறது என்று ஆச்சரியப்படுகிறவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த மெயிலும் போடாதே. எதிலும் கையெழுத்துப் போடாதே. அவர்களே அனுப்பட்டும், எழுத்தில் இருக்கட்டும். அங்கிள் உன்னைக் கூப்பிட்டு அண்ணன் மாதிரிப் பேசுவார். பேசட்டும்.

மற்ற விஷயங்கள். உன் காரை ஞாயிறுதோறும் அபார்ட்மெண்டைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டுகிறேன், பேட்டரி உயிரோடு இருக்கிறது. உன் ரன்னிங் ஷூ இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஷ்ரேயா ஒருநாள் அதைக் காட்டி என்னிடம், "இஸ் அங்கிள் ஸ்லீப்பிங்?" என்று கேட்டாள். ஐந்து வயது. ஆமாம் என்றேன். லேபில் எனக்கு சீனியர் போஸ்ட் தருவதாகப் பேச்சு அடிபடுகிறது. உன்னிடம் சொல்லவில்லை, அத்தை பக்கத்தில் இருந்தார்கள். அதோடு, நீ எந்தக் குரலில் சந்தோஷப்படுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே உனக்கு எப்படி இருக்கிறது என்று நீ சொன்னதே இல்லை. போன வாரம் உன் பின்னால் வெயிலில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நீ கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். தூங்குகிற முகமாக இருந்தது. இங்கே இருந்த மூன்று வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது, அதை எழுத வரவில்லை.

கிளம்பும்போது ஆளுக்கொரு கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அங்கிள் தன்னுடையதை மேஜையிலேயே விட்டுவிட்டார். டயர் கடையில் கிண்ணம் தரமாட்டார்கள் அல்லவா. அதனால் என்னிடம் இரண்டு சேர்ந்துவிட்டன. ஒன்று பெட்டியில் உனக்கு. கழுவித்தான் அனுப்புகிறேன், ஆனாலும் நீயும் ஒருமுறை கழுவு.

உன்னால் ஃபோனில் பேச முடியாது. கடிதமும் எழுதமாட்டாய், தெரியும். அதனால் சுலபமாக்கித் தருகிறேன். இந்தக் கிண்ணத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. அத்தை பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கு அது வெறும் கிண்ணம். காலியாக இருந்தால், நீ இன்னும் இங்கே வர விரும்புகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். வக்கீலைப் பார்க்கிறேன், என் பெயரிலேயே விசாவுக்கு வழி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறேன், யாரோடு சண்டை போடவேண்டுமோ போடுகிறேன். விளிம்புவரை தண்ணீர் இருந்தால், போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். சாமான்களைக் கொடுத்துவிட்டு, உன் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறேன். எதுவாக இருந்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தைக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தைச் சொல்லாதே.

எனக்காகப் பார்த்து, எனக்காக யோசித்து, பாதி நிரப்பி மட்டும் அனுப்பாதே.

யாமினி