வெடிப்புக்குள் இறங்கிய மஞ்சள்

அக்கா,

மகள் கிளேபாங் கடையிலிருந்து ஒரு கோப்பை வாங்கி வந்தாள். உடம்பெல்லாம் நூல் நூலாக வெடிப்பு. டிசைனாம். இன்று காலை அதில் மஞ்சள் பால் குடித்தேன். கழுவினால் பால் போனது, மஞ்சள் போகவில்லை. "யாரும்மா இதுல மஞ்சள ஊத்துனது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் "நான்தான்" என்றேன். இத்தனை அவசரம் எதற்கு என்று சிரித்தாள். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

மெர்டேக்கா என்று ஊரே சுதந்திரம் கொண்டாடிய வருஷம். காஜா பெராங்கிலிருந்து சீன முதலாளி தவுக்கேயின் பீங்கான் கடைக்கு நாம் இருவரும் நடந்தே போவோம். கழுவித் துடைத்து அடுக்குவது வேலை. காற்று வரும் சன்னலோரம் உங்கள் இடம். இருட்டு மூலை என் இடம். அங்கிருந்த வெடிப்புக் கிண்ணத்தைக் காட்டித் தவுக்கே ஒருநாள் கதை சொன்னார். சீனாவில் அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு சூளை. அண்ணன் பீங்கானுக்குத்தான் மவுசு. பொறாமை பிடித்த தம்பி, சூடு ஆறாத அண்ணன் சூளையில் தண்ணீரை ஊற்றிவிட்டான். திறந்தால் மேல்பூச்செல்லாம் வெடிப்பு. அண்ணன் அழுதுவிட்டு, அந்த வெடிப்பில் தேயிலைச் சாற்றைத் தேய்த்துச் சந்தைக்குக் கொண்டுபோனான். சனம் அடித்துப் பிடித்து வாங்கியது. அப்படிப் பிறந்த வகைக்கு இன்றும் அண்ணன் சூளை என்றே பெயராம்.

"அந்தத் தம்பிப் பய ஒத்துக்கிட்டானா இல்லியாடி?" என்று என் காதில் கேட்டீர்கள். கதையில் அது இல்லை.

ஆயுத பூஜைக்குத் தவுக்கே பின்கட்டை நமக்குக் கொடுத்தார். வாளிக்கும் துடைப்பத்துக்கும் நீங்கள் பொட்டு வைத்தீர்கள். நான் சும்மா இருந்தேனா? சோறு போடுவது பீங்கான்தானே என்று, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் அந்தக் கிண்ணத்துக்கும் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். மறுநாள் துடைத்தால் பொட்டு போனது, வெடிப்புக்குள் இறங்கிய மஞ்சள் போகவில்லை. புளி போட்டேன், சாம்பல் போட்டேன். அசையவில்லை. ஊர் திரும்பும் ஒரு துரைக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணம் அது.

தவுக்கே நம்மை வரிசையாக நிறுத்தினார். "சியாப்பா புவாட்?" யார் செய்தது? எனக்கு வீட்டில் கைக்குழந்தை, வேலையில்லாத புருஷன். நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். நகக்கண்ணில் மஞ்சள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பூசை வச்சது நான்தான் தவுக்கே" என்றீர்கள். அன்றோடு உங்கள் வேலை போயிற்று.

நாலாம் நாள் துரை வந்தார். கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கக் கம்பி ஓடுகிறதாம். இதே போல் இன்னும் இரண்டு வேண்டுமாம். தவுக்கே வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினார். "சியாப்பா புவாட்?" அதே கேள்வி.

பாவி நான், கையைத் தூக்கினேன்.

மாலையே சன்னலோர இடம் எனக்கு வந்தது. அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேதி எனக்கு முன்பே உங்கள் வீட்டுக்குப் போயிருந்தது. கொடியில் துணி உலர்த்தியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்: "பரவால்லடி. ஒருவழியா தம்பி ஒத்துக்கிட்டான்."

அறைந்திருக்கலாம் அக்கா. அதற்குப் பிறகும் பொங்கல் தவறாமல் கொடுத்தனுப்பினீர்கள், நானும் வெட்கமில்லாமல் தின்றேன். போன மாதம் உங்களைத் தூக்கிப் போனபோதும் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன்.

இப்போது வீட்டில் எது உடைந்தாலும், யார் கேட்டாலும், நான் செய்யாததற்கும் "நான்தான்" என்று வாய் முந்திக்கொள்கிறது. பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். துரை வருவதற்கு நாலு நாள் முன்னால், ஒரே ஒரு தடவை, அது முந்தியிருந்தால் போதும்.

மஞ்சள் வைத்தது நான்தான், அக்கா.