காட்டாத கால்

நவம்பர் 6

பூசானில் குளிர்காற்று ஆரம்பித்துவிட்டது. நெத்திலிக் கருவாடு நன்றாக ஓடியது. பக்கத்துக் கடைக் கடற்பாசிக்காரி தொக்சிம் மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்தாள். கொரியாவே கொண்டாடும் பாட்டுக்காரன் மா கிதே டிவியில், தனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டானாம். "அந்தக் குரலுக்கா அக்கா இந்தக் கதி!" எனக்கும்தான் பல வருடமாய் இருக்கிறது. எனக்காக எவள் அழுதாள்?

நவம்பர் 19

மா கிதே எங்கள் சந்தைக்கே வருகிறான். சர்க்கரை முகாமாம். மேடை போட என் கடை வாசலைக் கொடுத்தேன். சும்மா இல்லை, என் நெத்திலியோடு ஒரு போட்டோ என்று பேசி முடித்துவிட்டேன்.

நவம்பர் 23

நல்ல கூட்டம். என் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அளவைப் பார்த்ததும் மா கிதேவின் முகம் மாறியது.

"மாத்திரை போடுறீங்களா அக்கா?"

"ஞாபகம் வந்தா போடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் குனிந்து மெதுவாக, "சாக்ஸைக் கழட்டுங்க, பாதத்தைப் பார்க்கலாம்" என்றான்.

"கருவாட்டுக்காரி காலைப் பார்த்தா பாட்டு வருமா தம்பி?"

மறுபடி சிரிப்பு. அத்தனை கேமரா முன்னால் எவள் கழற்றுவாள்? போட்டோ நன்றாக வந்திருக்கிறது. பெரிதாக்கி மாட்டியாயிற்று.

டிசம்பர் 27

குளிர் எலும்பைக் கடிக்கிறது. கடையில் கரண்டில் சூடேறும் பாயின் சூட்டைக் கூட்டி, காலை அதன் மேலேயே போட்டுக்கொண்டு நாள் முழுக்க வியாபாரம். வீட்டுக்கு வந்து சாக்ஸை உருவினால் தோலும் சேர்ந்து வருகிறது. வலது குதிகால் வெந்திருக்கிறது. வலியே இல்லை! வலிக்காததெல்லாம் ஒரு புண்ணா? ஜாடியில் புளிக்கவைத்த சோயா விழுதை எடுத்து அப்பித் துணி சுற்றினேன். சூட்டுப் புண்ணுக்கு எங்கள் பக்கம் அதுதான் மருந்து.

ஜனவரி 9

இன்னும் வலி இல்லை. நாற்றம்தான். கருவாட்டுக் கடையில் யாருக்குத் தெரியப் போகிறது?

ஜனவரி 15

தொக்சிம்முக்குத் தெரிந்துவிட்டது. "இது மீன் வாசம் இல்லக்கா. எனக்கும் மூக்கு இருக்கு." என்னைப் பிடித்து உட்காரவைத்துத் துணியை அவிழ்த்தாள். அவள் போட்ட கூச்சலில் சந்தையே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுல என்னம்மா பூசினீங்க?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜனவரி 18

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால்? "ஆளே போயிடுவீங்க." நானும் பேரம் பேசிப் பார்த்தேன் — குதிகால் மட்டும்? சரி, கணுக்கால் வரைக்கும்? டாக்டர் இறங்கவில்லை.

ஜனவரி 19

தொக்சிம் யாரைப் பிடித்தாளோ, மா கிதே வந்தான். கேமரா இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஷூவைக் கழற்றினான். பாதத்தில் முன்பாதி இல்லை. ஷூவின் முனையில் பஞ்சு.

"எப்போ எடுத்தாங்க?"

"மூணு வருஷமாச்சு. பாட்டுக் கம்பெனிக்காரங்க வெளியே காட்டாதேன்னுட்டாங்க. மேடையில ஆடுற ஆளாச்சே..."

"அப்போ சந்தைக்கு வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"சரக்கை உள்ளே வெச்சுக்கிட்டு வாயாலயே வித்தா எவன்டா வாங்குவான்?"

அழுதான். எனக்கு அடிக்கலாம் போலிருந்தது. காட்டியிருந்தால் அன்றைக்கு நான் கழற்றியிருப்பேனா? தெரியவில்லை. பாதம் மரத்துப் போனது அப்போதே தெரியும் எனக்கு.

நாளைக் காலை ஆபரேஷன்.

பிப்ரவரி 2

டிவியில் மா கிதே பாட்டை நடுவில் நிறுத்தி, மேடையிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கேமரா கிட்டே போனது. வார்டில் எல்லாரும் டிவிப் பக்கம் திரும்பினார்கள். எதிர்க் கட்டில்காரி போர்வையை விலக்கித் தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கட்டில்காரியும் பார்த்தாள்.

நானும் போர்வையை விலக்கினேன். இடது பாதத்தைப் பார்த்தேன். பார்க்க எனக்கு அது ஒன்றுதான்.