நைனாவுக்கு நான் கொடுத்த கூழ்

ஜூலை 22, செவ்வாய்

ஹூக் தைக்க நாற்பது ஜாக்கெட் வந்திருக்கின்றன. பன்னிரண்டு முடித்தேன். நைனா மூன்று மணிக்கே ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். சோறு வேண்டாமாம்.

பொங்கலிலிருந்தே வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதாம். மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. லுங்கி துவைக்கும்போது அம்மாதான் கண்டுபிடித்தாள். "உங்க அண்ணனும் இப்டித்தான் மூலம் மூலம்னு சொல்லிகினு இருந்தாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பெரியப்பாவுக்குக் குடலில் கேன்சர் என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

திங்கட்கிழமை நைனாவின் குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்று வியாழக்கிழமை ஒரு சிஸ்டர் சொல்லித்தருவாராம். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்குக் கம்பெனியில் லீவு கிடையாது. நான்தான் கூடப் போக வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பதினொன்றாவதோடு நின்றவள் நான். நல்ல ஆளைத்தான் அனுப்புகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

சிஸ்டர் பெயர் சைனம்பு. எதிரெதிர் பெஞ்சுகளில் நாங்கள் எட்டுப் பேர். மேசைமேல் நான்கு கண்ணாடி டம்ளர்கள். முதலில் டிகாஷன், அடுத்தது பால் விடாத டீ, பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீர், கடைசியில் லேசான மஞ்சளில் அடி தெரியும் தண்ணீர்.

"மருந்துத் தண்ணி குடிக்கக் குடிக்க, வெளிய போறது இதுலேர்ந்து இதுக்கு வரணும். வரலைன்னா உள்ள ஒண்ணும் தெரியாது. கூச்சப்படாம பாருங்க. உங்களுதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நைனா மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமையிலிருந்து கீரை, பழம், விதை உள்ள காய் வேண்டாம். ஞாயிறு காலை இரண்டு இட்லி. அதன்பிறகு இளநீர், பால் விடாத டீ, தெளிவாக வடிகட்டிய ரசம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு லிட்டர் மருந்துத் தண்ணீர், விடியற்காலை ஐந்துக்கு இன்னொரு லிட்டர். சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரித் தெரியுமாம். டெஸ்ட் அன்று ஆட்டோ ஓட்டக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். கூழும் குடிப்பதுதானே? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர் பெஞ்சில் நான்கு ஆண்கள். மூடிக்கொண்டேன்.

"புரிஞ்சுதாம்மா?" என்றார் சிஸ்டர். தலையாட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

பக்கத்து வீட்டு சரசா அத்தை தூக்கு நிறையக் கூழோடு வந்தாள். "ஆத்தா கூழ வாணாம்னு சொல்லுவியாடா திருவேங்கடம்?"

நைனா என்னைப் பார்த்தார். "இன்னா பவி, குடிக்கலாமா?" ஏதோ நான்தான் டாக்டர் என்பதுபோல.

வெங்காயத்தை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். தண்ணீர் மாதிரிதான் ஓடியது. இரண்டு சொம்பு குடித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆறு மணிக்கு மருந்துத் தண்ணீர். மூன்று தடவை போய்விட்டு வந்தார். "கலரு எப்டி நைனா கீது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். "அதெல்லாம் ஆச்சும்மா" என்று அவரும் சுவரைப் பார்த்தே சொன்னார்.

ஜூலை 28, திங்கள்

பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வழியெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், ஒன்றுமே தெரியவில்லையாம். "நேத்து என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். "கூழு. நான்தான் குடுத்தேன்" என்றேன். எனக்கே கேட்காத குரல். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த தேதி பத்து நாள் கழித்து. பத்து நாள்! உள்ள ஏதாவது இருந்தா அது சும்மா இருக்குமா? நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு வார்த்தை. எதுக்குத்தான் இந்த வாய் எனக்கு —

சைனம்பு சிஸ்டர் திட்டவில்லை. அவருடைய அறையில் உட்காரவைத்தார். "கேப்பை எவ்ளோ கரைச்சாலும் உள்ள போய்த் தங்கும்மா. ஆடி மாசத்துல கூழ் வேணாம்னு நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். நீ தலையாட்டுனத நம்பி விட்டுட்டேன். அது என் தப்பு. இப்ப நீ சொல்லு, நான் கேக்குறேன். நான்தான் உங்க நைனா. எனக்கு என்ன குடுப்ப?"

சொன்னேன். முதலில் திக்கியது. "ரசம் குடுப்பியா?" வடிகட்டி. "மோரு?" மாட்டேன், அடி தெரியாது. "ரோஸ் மில்க்?" மாட்டேன். "அழுது கேட்டா?" அழுதாலும் மாட்டேன் என்றதும் சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு நைனா பக்கம் திரும்பினார். "பொண்ணுகிட்ட கலர் சொல்றதுக்கு வெக்கமா? அவளுக்குக் கால் கழுவிவிட்டது யாரு?"

"நான்தான்" என்றார் நைனா.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு ஹூக்கும் தைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் கூழ். இன்னும் நான்கு நாள் இருக்கிறது, இன்றைக்குக் குடிக்கலாம் என்றேன். "வாணாம்பா, ஒரு தபா பட்டது போதும்" என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆகஸ்ட் 6, புதன்

மருந்துத் தண்ணீர் உப்பும் புளிப்புமாக இருக்கிறதாம். டம்ளருக்குக் கால் மணி நேரம் கணக்கு வைத்துக் கொடுத்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றேன்.

"நைனா, இன்னா கலரு?"

"டிகாஷன்!"

"இப்ப?"

"டீ! கடை டீ இல்ல, பால் ஊத்தாத டீ!"

மூன்றாவது தடவை நான் கேட்பதற்கு முன்பே கத்தினார். "பவி! மஞ்சா!"

சரசா அத்தை பக்கத்து வீட்டிலிருந்து, "இன்னாடா அது, பெயிண்டு கடை வச்சிகினு கீறியா?" என்றாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்குத் துடைத்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஆறரைக்கு, அடி தெரியும் தண்ணீர். நானே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

இந்தத் தடவை கடைசிவரை பார்த்துவிட்டார்கள். உள்ளே இரண்டு சதை வளர்ச்சி. ஒன்று பட்டாணி அளவு, இன்னொன்று கோலிக்குண்டு அளவு. இரண்டையும் குழாய் வழியாகவே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

நைனா பாதி மயக்கத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இன்னா கலரு பவி?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

போன் அடித்தது. அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஜாக்கெட் கடைக்காரர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கேன்சர் இல்லை.

கேன்சர் இல்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன்.

பெரிய சதையை விட்டுவைத்திருந்தால் சில வருடங்களில் கேன்சராக மாறியிருக்கலாமாம். மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டாக்டர் எழுந்துகொள்ளப் பார்த்தார். "சார், பெரியப்பாவுக்கும் குடல்லதான் சார். அவரு பையனும் பாக்கணுமா?" என்று கேட்டேன். ஆமாம், நாற்பது வயதில் பார்த்துவிட வேண்டும் என்றார். பெரியப்பா பையன் செல்வகுமார் அண்ணனுக்குப் போன மாதம் நாற்பது முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். "எனக்கு இன்னா கேடு, நான் நல்லாத்தான் கீறேன்" என்று வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

செல்வகுமார் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறியதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பாவமாக இருந்தது. ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.