பரோட்டா தின்றுவிட்டுத் தூக்கிய தீச்சட்டி

அண்ணே,

உங்கள் வீட்டில் இந்த ஆண்டும் தீச்சட்டிக்குக் குயவரிடம் சொல்லியாகிவிட்டது. இன்று காலை அக்காவே போனில் உறுதி செய்தார். உங்களை அண்ணே என்றாலும் உங்கள் மனைவி எனக்கு அக்காதான். நீங்கள் கண்மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. யார் தூக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு வாங்க தம்பி, பேசிக்கிறலாம் என்று வைத்துவிட்டார். அப்போதிருந்து வேப்பிலை கருகும் வாசனை மூக்கிலேயே நிற்கிறது.

எனக்குத் தெரிந்து, நம் கம்பம் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த நாத்திகர் நீங்கள் ஒருவர்தான். பழுது பார்த்த மோட்டாருக்கு விவசாயிகள் குங்குமம் வைத்துச் சுவிட்சைப் போட்டால் உங்கள் முகம் சுருங்கும். "வேர்வை எனக்கு, பொட்டு மோட்டாருக்கா?" என்பீர்கள்.

தொண்ணூற்றெட்டில் மதுரையில் உங்களுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, கதவுக்கு வெளியே நின்ற அக்கா ஆத்தாவுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டார். நீங்கள் டாக்டரைப் புகழ்ந்துகொண்டே பிழைத்து வந்தீர்கள். அக்காவுக்கோ மூட்டுவலி. எரிகிற சட்டியை ஏந்தி ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை அவரால் நடக்க முடியாது. நேர்ந்தவருக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் எடுக்கலாம் என்பது வழக்கம். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த இன்னொருவர் நீங்கள்தான். ஆனால் அக்கா உங்களைக் கேட்கவே இல்லை. தானே எடுப்பதாகச் சொல்லி, முழங்காலில் தைலம் தேய்த்தபடி விரதம் தொடங்கினார். எடுக்காவிட்டால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று அவர் பயந்தார். எடுத்தால் அவர் விழுந்துவிடுவார் என்று நீங்கள் பயந்தீர்கள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, டீக்கடையில் தோழர்களைக் கூட்டி, இந்த வருஷம் தீச்சட்டி வைத்து அறிவியல் செயல்விளக்கம் நடத்தப்போவதாக அறிவித்தீர்கள். விரதம் கிடையாது, காப்பும் கட்டமாட்டேன், முட்டைப் பரோட்டா தின்றுவிட்டுத் தூக்குவேன், கை வேகாது என்றீர்கள். சொன்னபடியே தின்றீர்கள். உங்களுக்கும் சேர்த்து அக்கா பட்டினி கிடந்தார்.

ஊர்வலத்தில் வழிநெடுக விளக்கினீர்கள்: சட்டிக்குள் அடியில் மணல், வெளியே ஈர வேப்பிலை, சூடு கைக்கு இறங்காது. உறுமி மேளச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைவதைப் பார்த்த பெண்கள் குலவையிட்டு உங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கைகூப்பி வழிமறித்து, போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று கேட்டார். அவருடைய மோட்டாரை முந்தின வாரம்தான் கழற்றிப் பார்த்திருந்தீர்கள். எரிச்சலில், "ஏலே, தண்ணி கெடக்கு. இன்னும் ரெண்டு குழாய் எறக்கு" என்று கத்தினீர்கள். இறக்கினார். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு உங்கள் கடைக்கு மோட்டார் இல்லாமல், மகள் ஜாதகத்தோடும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

கோயில் வாசலில் சட்டியை இறக்கும்போது குனிந்து கும்பிட வேண்டும். நீங்கள் மாட்டீர்கள். கும்பிடாவிட்டால் நேர்ந்தது நிறைவேறாதே என்று அக்கா கண் கலங்கி நின்றார். பிறகு சட்டியை அவர் கையில் வைத்தீர்கள். அவர் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டதில் நீங்களும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. கூட்டத்துக்குத் தெரிந்தது இரண்டு முதுகும் ஒன்றாகக் குனிந்ததுதான்.

செயல்விளக்கம் என்றுதான் செய்தி போட வேண்டும் என்று பத்திரிகை நிருபனான என்னை மிரட்டினீர்கள். அக்காவிடமும் கேட்டேன். "எப்பிடி வேணும்னாலும் போடுங்க தம்பி. ஆத்தா பேப்பர் படிக்கிறதில்ல" என்றார்.

அடுத்த ஆண்டும் எடுத்தீர்கள். தோழர்கள் கேட்டதற்கு, ஒருமுறை செய்தால் நிரூபணம் ஆகாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றீர்கள். கடைசி வரை நிரூபித்துக்கொண்டே இருந்தீர்கள்.

மாலையில் அக்காவைப் போய்ப் பார்த்தேன். உங்கள் உயிருக்காக நேர்ந்ததுதானே, இனி எதற்கு என்று தயங்கித்தான் கேட்டேன்.

"ஆத்தாவுக்கு எப்பவோ செஞ்சு முடிச்சாச்சு தம்பி. இது அவுகளுக்கு. ஒரே ஆளு தூக்குனா பத்தாது, வேற ஆளு தூக்கியும் கை வேகலைன்னாத்தான் நெசம்னு சொல்லிக்கிட்டே இருந்தாக."

வேற ஆளு என்று சொல்லும்போது என் கையைப் பார்த்தார்.

இத்தனை வருடம் இரண்டு தரப்பையும் எழுதிவிட்டு, எந்தத் தரப்பிலும் சேராமல் வீடு திரும்பியவன் நான். அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.