கேள்வி கேட்காத கேசட்

12 அக்டோபர் 1986, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. பகல் முழுவதும் விளையாட்டுதான். திரையில் ஒரு பாழடைந்த மாளிகை. அதற்குள் விளக்கோடு அலையும் ஒரு குள்ளன். இன்று அவன் சமையலறையைத் தாண்டிக் கொல்லைப்புறக் கிணறு வரை போய்விட்டான். சாந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "எகிறுங்க, எகிறுங்க, ஐயோ போச்சு!" என்று என் தோளில் அடித்தாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். பிள்ளை இல்லை. சாப்பாடு, மருந்து, கரண்ட் போனது தவிர எங்களுக்குள் பேச்சு நின்று வெகுகாலம். கப்பலில் வேலை செய்யும் தம்பி ஆரோக்கியநாதன் லண்டனிலிருந்து டிவியோடு இணைக்கும் இந்தச் சின்ன கம்ப்யூட்டரையும் விளையாட்டு கேசட்டையும் என் காசில் வாங்கிவந்து கொடுத்த பிறகுதான், மாலையில் இந்த வீட்டில் மனிதர்கள் இருப்பது தெரிகிறது.

கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமாம்.

15 அக்டோபர்

பிலிப்ராஜும் அதே கம்ப்யூட்டரை வரவழைத்துவிட்டான். சிங்கப்பூரில் மைத்துனன். அதை எப்படி மாட்டுவது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்கும்படி என்னிடமே கேட்கிறான்: "டேய் இருதயம், டேப் ரெக்கார்டர எந்த ஓட்டையிலடா சொருவணும்?"

கல்லூரியில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே பி.எஸ்சி. தேறியவன். நான் எம்.எஸ்சி. முதல் வகுப்பு, இன்னும் கணக்கு வாத்தியார். அவன் தலைமையாசிரியர். அவனுக்குக் கலர் டிவி, எனக்குக் கறுப்பு வெள்ளை.

என் கேசட்டை ஒருநாள் இரவல் கேட்டான். இல்லை என்றேன். கொடுத்திருந்தாலும் காப்பி எடுத்துப் பயனில்லை. ஆட்டம் தொடங்கும் முன் திரை ஒரு கேள்வி கேட்கும் – இந்த வரிசையில் இந்தக் கட்டம் என்ன நிறம்? டப்பாவோடு வந்த வண்ண அட்டையைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஜெராக்ஸில் நிறம் வராது. காசு கொடுத்து வாங்கியவன் மட்டும் உள்ளே போகலாம். உலகத்தில் ஒரு இடத்திலாவது இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

3 நவம்பர்

விடாத மழைக்குப் பிறகு வெயில். வண்ண அட்டை நமுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. இந்த மலையூரில் மழைக்காலத்தில் எதையும் சரியாகக் காயவைக்காமல் உள்ளே எடுக்கக்கூடாது. வாசல் பாறையில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சாமை பரப்பியிருந்தாள். ஓரத்தில் கூழாங்கற்களை வைத்து அட்டையை விரித்தேன்.

"இன்னா சாரே, காயிதத்தக்கூட புளி மாதிரி காய வெக்கிறீங்க? ஊறுகா போடப் போறீங்களா?"

இன்னும் இரண்டு மூன்று வெயில் காட்டவேண்டும்.

6 நவம்பர்

சிவப்பு வெளுத்துவிட்டது. மஞ்சள் அடியோடு இல்லை. பச்சையும் நீலமும் ஒரே நிறம்.

நானே காயவைத்தேன். நானே.

9 நவம்பர், ஞாயிறு

ஊகித்துப் பார்த்தோம். "நாலு கலரு தானே, எதனா ஒண்ண அடிச்சு வுடுங்க" என்றாள் சாந்தா. இரண்டு தடவை தவறினால் திரை கறுத்துவிடுகிறது. கேசட்டைப் பின்னால் சுற்றி, ஆட்டம் ஏறும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தத்தை முழுவதும் கேட்டு, மறுபடி முதலிலிருந்து. மத்தியானம் முழுவதும் இப்படியே. ஒருமுறை கூட மாளிகை வாசலைப் பார்க்கவில்லை.

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். 

14 நவம்பர்

கேசட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். நான் அசல் வாங்கியவன், அட்டை கெட்டுவிட்டது, வேறொன்று அனுப்புங்கள், விலை தருகிறேன். இவ்வூரில் பிலிப்ராஜ் என்று ஒருவன் காப்பி தேடி அலைகிறான் என்றும் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். அவன் பெயர் இங்கிலாந்து வரைக்கும் வேறு போகவேண்டுமா?

22 நவம்பர்

வேலூரில் ஆசிரியர் பயிற்சி. நேற்றுப் போய் இன்று திரும்பினேன். மலைப்பாதையில் பஸ் பழுது.

2 டிசம்பர்

சாந்தா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து, இருட்டி விளக்கேற்றிய பிறகும் வீட்டுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனால் எதிர் வரிசையில் பிலிப்ராஜ் வீட்டில் விளக்கு, சிரிப்பு. ஜன்னல் வழியே தெரிந்தது – குள்ளன். என் குள்ளன், அவன் கலர் டிவியில்.

அவன் மனைவி தெரசம்மாள் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். பிலிப்ராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது கேள்வி கீள்வி ஒண்ணும் கேக்காதுடா. போட்டா ஓடும்!" என்றான்.

நான் உட்காரவில்லை.

வழியில் சாந்தாவிடம், அது திருட்டுக் கேசட் என்றேன். "இருக்கட்டுமே. ஓடுதில்ல?" என்றாள்.

6 டிசம்பர்

இன்றும் போனாள். தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். திருடனைத் தடுக்கப் பூட்டு என்றார்கள். பூட்டு என் வீட்டு வாசலில் மட்டும்தானே தொங்குகிறது? திருடியவன் வீட்டில் கதவே இல்லை. காற்றாட உள்ளே போகிறான், என் மனைவியையும் கூட்டிக்கொண்டு. நான் நேர்மையானவன்தானா என்று ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கேட்கிறது மெஷின். அவனை ஒரு நாளும் கேட்கவில்லை. வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது, கேசட்டில் மட்டும் மாறிவிடுமா?

அவளுக்கு அங்கே சிரிப்பு வருகிறது.

19 டிசம்பர்

கம்பெனியிடமிருந்து பதில். அட்டையைத் தனியாகத் தரமாட்டார்களாம். அட்டை கேட்டு எழுதுபவர்களில் பலர் திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்கள் என்பது அவர்கள் அனுபவமாம். அசல் கேசட்டை அனுப்பினால் பரிசீலிப்பார்களாம்.

என்னை! பிலிப்ராஜுக்கு இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? அவன்தான் யாருக்கும் எழுதவே இல்லையே. அவன் எழுதவேண்டிய அவசியமே வரவில்லையே.

22 டிசம்பர்

கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இப்போது காசு கொடுத்து வாங்கியவனிடம் அட்டையும் இல்லை, கேசட்டும் இல்லை.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். பிலிப்ராஜ் வீட்டிலிருந்து கேக் வந்தது. தொடவில்லை.

11 ஜனவரி 1987, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அங்கே என்ன இருக்கிறது உனக்கு, அவன் கலர் டிவியா, அவன் பேச்சா என்று. இருபது வருடத்துக் குப்பையெல்லாம் வாயில் வந்தது.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேலூர் போயிருந்தப்போ தெரசக்கா அண்ணன் மவன் வந்திருந்தான். மெட்ராஸ்ல என்ஜினியரிங் படிக்கிறவன். நம்ம கேசட்ட எடுத்துனு போய் நான்தான் குடுத்தேன். அந்தக் கேள்விய மட்டும் எடுத்துட்டுக் குடு தம்பின்னு."

என் கேசட். பிலிப்ராஜிடம் இருப்பது என் கேசட்டின் குட்டி!

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடுத்திருப்பீங்களா? இந்த வூட்டுக்கும் ஒண்ணு எடுக்கச் சொன்னேன். கொண்டாந்தா ஒடச்சிப் போடுவீங்கன்னு அங்கியே வெச்சிட்டேன். உங்க நேர்மைய நீங்க வெச்சிக்கிங்க. எனக்கு அந்தக் கெணத்துக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியணும்."

உடைத்திருப்பேன். அது உண்மை.

12 ஜனவரி

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

23 ஜனவரி

ஸ்டாஃப் ரூமில் யாருமில்லை. பிலிப்ராஜ் வந்து எதிரில் உட்கார்ந்தான். வழக்கமான இளிப்பு இல்லை.

"டேய், ஒரு உபகாரம் பண்ணு. எங்க வூட்டுக்கு வா. இல்லன்னா உன் பொண்டாட்டிய அனுப்பாத."

 என்னடா சொல்கிறாய் என்றேன்.

"கெணத்தாண்ட போனா தங்கச்சி கைய எடுத்துடறா. 'அவரு வரட்டும்ணா'ன்றா. தெரசா எறங்கறேன்னாலும் வுட மாட்டேன்றா. அவ கேசட்டு, நாங்க இன்னா சொல்றது? டிசம்பர்லருந்து என் வூட்டு டிவியில அந்தக் குள்ளன் கெணத்தச் சுத்தியே வர்றான்டா. வந்து தொலையேன்."

 மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். பலகையில் தவறான கணக்கைப் போட்டுவிட்டு நின்றேன். இத்தனை நாளாக இது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரசம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அதிலும் அவனே முந்திக்கொண்டான்.

26 ஜனவரி, திங்கள்

கொடியேற்றம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். பிலிப்ராஜின் நாற்காலிக்கு மெத்தை வைத்திருக்கிறார்கள். டிவியும் பெரிதுதான். குள்ளனின் சட்டை சிவப்பு. இத்தனை மாதமாகச் சாம்பல் என்றே நினைத்திருந்தேன்.

ஆடவில்லை. எங்களுக்கென்று எடுத்த கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேலே பிலிப்ராஜ் தன் கையெழுத்தில் என் பெயரை எழுதியிருக்கிறான். எழுத்து இன்னும் கோணல்தான்.

சாந்தா கேசட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் டிவி மேலிருந்த துணியை எடுத்தாள்.

30 ஜனவரி

மூன்று முறை கிணற்றில் விழுந்து செத்தோம். "உங்களால தான்" என்கிறாள்.

17 மார்ச்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தபால்காரர் கண்ணாயிரம் சைக்கிள் மணி அடித்தார். "சார், சீமையிலருந்து பார்சல். கையெழுத்துப் போடுங்க. இன்னா, கடியாரமா?"

கேசட்டும் புது அட்டையும்தான். ஆட்டிப் பார்த்தாலே தெரிகிறது. மேலே அவர்கள் முத்திரை, என் பெயர், ஜமுனாமரத்தூர் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறி.

பிலிப்ராஜ் வீட்டில் கிணற்றின் அடி வரை போய்விட்டார்களாம். அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தான். சொன்னால் இனி உன்னோடு பேசமாட்டேன் என்றேன். எங்கள் குள்ளன் இன்னும் பாதிக் கிணற்றில் நிற்கிறான்.

"கரண்ட் போறதுக்குள்ள வர்றீங்களா இல்லியா? ஆன் பண்ணிட்டேன்!" – உள்ளேயிருந்து சாந்தா.

பார்சலைப் பிரிக்கவில்லை. திருத்தாத தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன்.